எண்ணூற்று நாற்பது

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கப் போகிறோம்.
ஒரே வண்டியில் மூன்று பேர்.
என் கைப்பையில் பேனா மாதிரி ஒரு கருவி,
நுனியைத் தண்ணீரில் நனைத்தால்
உப்பை எண்ணிச் சொல்லும்.
லேபில் வேலை பார்ப்பவள்
நாக்கை நம்பமாட்டாள்.

சேசுராஜ் நம்புவது வெயிலை.
பன்னிரண்டரைக்கு மொட்டைமாடியில்
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான்.
பத்து எண்ணுவதற்குள் கால் மாற்றினால்
கீழே தூங்க முடியாது என்பது அவன் கணக்கு.
ஜெனோவாவோ ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
பவனியில் மெழுகுவத்தி ஏந்தியவளாய்
அறை அறையாக நடப்பாள்.
இரண்டு கோடு. ஒரு கோடு. ம்ஹூம்.

இருக்கிற வீட்டை விட்டாக வேண்டும்.
போர்வெல்லுக்கும் செப்டிக் டேங்குக்கும்
பதினோரு அடிதான்.
மார்ச் மாதம் மகளின் கையில்
நானே ஊசி குத்தி ரத்தம் எடுத்து
பிலிருபின் ஆறு புள்ளி இரண்டு என்று
நானே டைப் செய்து
கீழே கையெழுத்தும் போட்டேன்.

"ஓசூருக்கு வந்துரு" என்கிறான் அண்ணன்.
"வாசல்ல கம்பெனி பஸ். வருசம் பூரா குளிரு.
யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."
அந்த 'எதுவும்' மட்டும்
கொஞ்சம் சத்தம் குறைந்து வந்தது.

சேசுராஜுக்கு வேலை கானாடுகாத்தானில்,
ஹோட்டல் கார் ஓட்டுகிறான்.
பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு முன்னால் நிறுத்துவான்.
எத்தனை அறை என்று வெள்ளைக்காரர்கள் வாய் பிளப்பார்கள்.
அறுபத்து நாலு என்பான், மனப்பாடமாக.
எங்களுக்கு வேண்டியது இரண்டு.

கோட்டையூரில் தண்ணீர் இருநூற்றுப் பத்து. அமிர்தம்.
மாடியில் இருபது வரை எண்ணினான்.
சிக்னல் நான்கு கோடு.
அட்வான்ஸ் பேசி முடிந்து காபியும் வந்துவிட்டது.
"சொந்த ஊரு?"
சொன்னோம்.
"அங்கன எந்தப் பக்கம்?"
சொன்னோம்.
காபி இன்னும் ஆறவில்லை,
அமெரிக்காவிலிருந்து மகன் வரப்போவது
அவருக்கு நினைவு வந்துவிட்டது.
பள்ளத்தூரிலும் ஒரு மகன் வந்தான்.
புதுவயலில் மகளுக்குத் தலைப்பிரசவம்.
பிரிந்துபோன எத்தனை பிள்ளைகளை
ஊர் திரும்ப வைத்திருக்கிறோம்
நாங்கள்.

நேற்று காரைக்குடிக்குள்ளேயே,
ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு சந்து.
மலையரசன், ரிட்டயர்டு கண்டக்டர்,
பொத்தான் போடாத காக்கிச் சட்டை.
குழாயைத் திறந்தேன். எண்ணூற்று நாற்பது.
இன்னொரு தரம் நனைத்தேன்,
எண்ணூற்று நாற்பத்திரண்டு.
மாடியில் சேசுராஜ் ஆறிலேயே குதித்தான்.
சிக்னல் கிடைப்பது
குளியலறையில் மட்டும், அதுவும் கதவோரம்.

நோட்டுகளை மடித்துச் செருகிப் பழகிய விரலிடுக்கில்
சாவியைச் செருகிக்கொண்டு நின்றார் அவர்.
என் வாய்க்குள் பதில் தயாராக இருந்தது.
ஊர். பக்கம். தெரு.
கேட்டுத் தொலைக்கட்டும், வெயில் ஏறுகிறது.

"எத்தனை பேரு?"

"மூணு."

ஜெனோவாவை மேலும் கீழும் பார்த்து,
"இது அரை டிக்கெட்டா?"

"பன்னெண்டு முடிஞ்சிருச்சு" என்றாள்,
மூக்கு விடைக்க.

"அப்ப மூணு" என்று சாவியை நீட்டிவிட்டு
"பத்தாந்தேதிக்குள்ள குடுத்துருங்க,
சில்லறையா இருந்தாலும் சரி" என்று
உள்ளே போய்விட்டார்.

வாசலில் அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.
இன்னொரு கேள்வி வரும் என்று
சேசுராஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.
உள்ளே டிவியில் ஏதோ விளம்பரம்.

கேன் தண்ணீர், மாதம் பன்னிரண்டு.
மாடிக்கு வெள்ளைப் பெயிண்ட், இரண்டு கோட்டு.
வண்டியில் உட்கார்ந்தபடி கணக்குப் போடுகிறேன்.
பின்னாலிருந்து முதுகில் தட்டுகிறாள் ஜெனோவா,
குளியலறைக் கதவோரம்
ஒரு ஸ்டூல் வேண்டுமாம்.